ஆணியில் தொங்கிய கோட்டு

அந்தக் கோட்டைத் தலைகீழாகப் பிடித்து அண்ணி உதறியபோது, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தவை வெறும் குப்பைதான் என்று மைனர் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். கொஞ்சம் நீல நூல் துணுக்குகள். துணியில் கோடு போடும் சாக்பீஸில் ஒரு சில்லு. அவ்வளவுதான்.

“நம்ம ஆபீஸையும் ஒரு தடவ இப்படித் தலைகீழாப் பிடிச்சு உதறலாம் அண்ணி. காணாமப்போன என் பேனா எல்லாம் விழும்.”

அண்ணி சிரிக்கவில்லை. நூலை நகத்தால் தள்ளிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். இன்றைக்குக் காலையிலிருந்தே அவள் முகத்தில் சிரிப்பில்லை.

அண்ணி அவனுடைய சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் நிலையம் தொடங்கியவள். மைனர் அவளுடைய ஒரே உதவியாளன். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை தவிர வேறெதையும் உடுத்தாததால் வந்த பெயர் அது. முப்பத்தைந்து தாண்டியும் அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவன் வாய்தான் காரணம் என்று அண்ணி சொல்வாள். வாய் இல்லாவிட்டால் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி எப்படிக் குடிப்பது என்று அவன் கேட்பான்.

அந்த வாய்தான் போன வாரம் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தது.

விவகாரம் இதுதான். புகை வராத புது அடுப்பு ஒன்றை ஒரு பேட்டையில் பாதி வீடுகளுக்குக் கொடுத்திருந்தார்கள். மீதிப் பாதி பழைய விறகடுப்பிலேயே சமைத்தது. இரண்டு பக்கத்துப் பெண்களும் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள், அவர்கள் இருமலும் குழந்தைகளின் இளைப்பும் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது இந்த ஆய்வை நடத்திய டாக்டரம்மாவின் வேலை. அளப்பதற்கு ஒரு கையில்லாத வெள்ளைக் கோட்டு. அதன் மார்புப் பையில் ஒரு சின்ன மீட்டர், மீட்டருக்குள் ஒரு வட்டக் காகிதம். கோட்டை மாட்டிக்கொண்டு பெண்கள் ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் இருக்க வேண்டும். மீட்டர் காற்றை இழுக்கும், காகிதம் கறுக்கும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு புகை. ஆய்வு முடிந்ததும் பழைய அடுப்புக்காரர்களுக்கும் புது அடுப்பு உண்டு. ஆனால் கோட்டை ஒழுங்காகப் போடாதவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது விதி.

முதல் முறை பழைய அடுப்பு வீடுகளிலிருந்து காகிதங்கள் கன்னங்கரேல் என்று வந்தன. அடுத்த முறையிலிருந்து, புது அடுப்பு வீடுகளைப் போலவே, அத்தனையும் வெள்ளை. அப்படியென்றால் புது அடுப்பால் என்ன பிரயோஜனம் என்று பணம் கொடுத்தவர்கள் கேட்டார்கள். திட்டத்தையே மூடிவிடலாமா என்றும் கேட்டார்கள். யாரோ தில்லுமுல்லு செய்கிறார்கள் என்று டாக்டரம்மா அண்ணியை அழைத்தாள்.

விசாரிக்கப் போன மைனர் ஒரே பகலில் குற்றவாளியைப் பிடித்துவிட்டான். கோட்டுகளை வீடு வீடாகக் கொடுத்து வாங்கும் பெண் ஒருத்தி இருந்தாள், பேட்டையில் அவளுக்கு மீட்டர்க்காரி என்று பெயர். கோட்டுகளை மூட்டையாகக் கட்டி அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. போதாதா? அண்ணி வெளியூர் போயிருந்தாள். மைனர் டாக்டரம்மாவின் ஆபீஸ் நடுவில் நின்று, அத்தனை பேர் முன்னிலையில் சொன்னான்: “மீட்டர் எதுவும் அடுப்பையே பாக்கல மேடம். எல்லாம் இவங்க வீட்டுல ரெஸ்ட் எடுத்திருக்கு. பேசாம நானும் மீட்டராப் பொறந்திருக்கலாம்.”

ஆபீஸே வயிறு குலுங்கச் சிரித்தது. மீட்டர்க்காரி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நடந்தாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை. அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு இனித்தது என்பதை நினைத்தால் இப்போது வாய் கசந்தது.

“இது அவ கையிலேருந்து பிடுங்கி வச்ச கடைசிக் கோட்டு. யாரும் தொடல” என்றாள் அண்ணி. “வீட்டுலயே தூங்கின கோட்டுக்கு நீல நூல் எங்கேருந்து வந்துச்சு?”

“அவங்களே தைப்பாங்களோ என்னவோ.”

“தைக்கிறவங்க பேட்டையில ஒருத்திதான். பழைய அடுப்பு வீடு. கிளம்பு.”

தையல்காரியின் வீட்டுக்கு முகவரி தேவைப்படவில்லை. தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. முன்னறையில் நீலத் துணி மலைபோல் குவிந்திருந்தது, பள்ளிச் சீருடை. கட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது மூச்சு விடும்போதெல்லாம் உள்ளிருந்து மெல்லிய விசில் வந்தது. தையல்காரி பேச்சுக்கு நடுவில் அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பி, விசில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டாள்.

கோட்டை நாள் முழுக்கப் போட்டிருந்தேன் என்று அடித்துச் சொன்னாள். தைக்கும்போது, துணி எடுக்கப் போகும்போது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டபோது. சந்தேகமாக இருந்தால் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள். அவள் பொய் சொல்வதாக மைனருக்குத் தோன்றவில்லை. அதுதான் அவனுக்கு இடித்தது. இவள் போட்டிருந்தாள் என்றால் மீட்டர்க்காரி ஒழுங்காகக் கொடுத்திருக்கிறாள்.

பேச்சிலிருந்து தப்பிக்க அவன் பின்கட்டுக்குப் போனான். சமையல் இடம் தகரச் சரிவின் கீழ் தனியாக இருந்தது. அடுப்பில் பால். எட்டிப் பார்த்த மாத்திரத்தில் புகை கண்ணைக் கரித்தது.

தையல்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். “சார், அந்த வெள்ளச் சட்டையோட அங்க நிக்காதீங்க. ஒரு நிமிஷத்துல கரியாயிரும். முன்னால வாங்க.”

முன்னறைக்கு இழுத்து வந்து, ஸ்டூலை முந்தானையால் துடைத்து உட்கார வைத்தாள். இப்படியொரு உபசாரம் மாப்பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்று மைனர் சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் சட்டையையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். தினமும் பார்க்கிற சட்டைதான். இன்றைக்கு என்னவோ அதில் எழுதியிருப்பதுபோல் பார்த்தாள்.

பிறகு பையிலிருந்து அந்த வெள்ளைக் கோட்டை எடுத்து விரித்தாள். இதில் ஒரு தையல் விட்டிருக்கிறதே, கொஞ்சம் பாருங்கள் என்று தையல்காரியிடம் நீட்டினாள். தையல் எதுவும் விடவில்லை என்பது மைனருக்குத் தெரியும். சும்மா பேசிக்கொண்டே இருந்தாள். எந்த ஊசி, எந்த நூல், கூலி என்ன என்று ஊர்க்கதை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று மைனர் யோசிப்பதற்குள் பின்கட்டில் புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

பால் பொங்கிவிட்டது. தையல்காரி துள்ளி எழுந்தாள். கையில் கோட்டு. கொல்லைக்கு ஓடுகிற அந்த அவசரத்திலும் அவள் கால் ஒரு எட்டு பக்கவாட்டில் போனது. கதவோரம் சுவரில் துணி சுற்றிய ஆணி ஒன்று இருந்தது. பார்க்காமலே கோட்டை அதில் மாட்டினாள். பிறகுதான் பின்கட்டுக்கு ஓடினாள்.

அண்ணியும் மைனரும் ஆணியைப் பார்த்தார்கள். துரு படக்கூடாது என்று ஆணிக்குச் சுத்தமான வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

பால் குண்டானோடு திரும்பிய தையல்காரி அவர்கள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். குண்டானை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“சமைக்கும்போது மட்டும் கழட்டிருவீங்க” என்றாள் அண்ணி. கேள்வியாகக் கேட்கவில்லை.

“எல்லாரும்தான் கழட்டுறாங்க.” அவள் குரல் இறங்கிவிட்டது. “முத தடவ போட்டுக்கிட்டேதான் சமைச்சேன். கரியாப் போச்சு. திருப்பிக் குடுக்கப் போனப்ப ஆபீஸ்ல ஒருத்தங்க அதை வாங்கி...” கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினாள். “இப்படிப் பிடிச்சு, வீட்ட எப்படி வச்சிருப்பீங்கன்னு இதைப் பாத்தாலே தெரியுதுன்னாங்க. சூட்டு கோட்டு போட்டவங்க எல்லாம் அங்க இருந்தாங்க. நான் துணி தைக்கிறவ. என் கையில ஒரு வெள்ளத் துணி அழுக்கானதில்ல. தெருவுக்கு வந்து சொல்லி அழுதேன். அதுக்கப்புறம் யாருமே அத அடுப்புக்கிட்டக் கொண்டுபோகல.”

மீட்டர்க்காரிக்கு இது தெரியுமா என்று அண்ணி கேட்டாள்.

தெரியும் என்றாள். மீட்டர்க்காரி வந்து, போட்டுக்கொண்டே சமையுங்கள் என்று கெஞ்சினாள், கறுத்தால் நான் துவைத்துத் தருகிறேன் என்றாள், மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்த் துவைக்கவும் செய்தாள். ஆனாலும் பெண்களுக்கு மனசு வரவில்லை. ஆபீஸில் சொன்னால் எங்கள் பேரை அடித்துவிடுவார்கள் என்று அவள் வாயைத் திறக்கவே இல்லை.

மீட்டர்க்காரியைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டபோது அவள் ஏன் பேசவில்லை என்பது மைனருக்கு இப்போது விளங்கியது. அவள் பேசியிருந்தால் இந்தத் தெருவில் யாருக்கும் அடுப்பு வராது. இந்தக் குழந்தைக்கு விசில் நிற்காது.

திட்டியது யார் என்று கேட்டதற்கு மட்டும் தையல்காரி தலையை ஆட்டிவிட்டாள். “யாருன்னு கேக்காதீங்கம்மா. எனக்கு அந்த அடுப்பு வேணும்.”

கிளம்புவதற்கு முன்னால் அண்ணி ஒரு காரியம் செய்தாள். கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய், தையல்காரி சமையலை முடிக்கும்வரை அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தாள். இருமிக்கொண்டே வெளியே வந்தபோது கோட்டு பாதி சாம்பல், பாதி கரி. எதற்கு என்று மைனர் கேட்டான். ஒரு ஆளுக்குக் காட்ட வேண்டும் என்றாள்.

வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அவன் மெல்ல ஆரம்பித்தான். திட்டியது மீட்டர்க்காரியாகவே இருக்கலாமே, திட்டிவிட்டுப் பிறகு பயந்து மறைத்திருக்கலாமே. அவன் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணி வண்டியை ஓரம் கட்டிவிட்டாள்.

“அவ ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா உனக்கு நிம்மதியா இருக்கும். அதுக்காக அவ பண்ணியிருக்கணும்னு இல்ல.”

சரியாகக் குட்டு விழுந்த இடத்தை மைனரால் தடவிக்கொள்ளக்கூட முடியவில்லை. பின்னே யார் என்று முனகினான்.

“அடுப்பு வேணும்னு ஒருத்தர் பேரைச் சொல்ல அந்தம்மா பயப்படறாங்கன்னா, அடுப்பைக் குடுக்கிறவங்க யாரு?”

டாக்டரம்மாவின் அறையில் மேஜை முழுக்கக் காகிதம். அவள் கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. மாதக்கணக்காகச் சரியாகத் தூங்காதவள் என்று பார்த்தாலே தெரிந்தது. அண்ணி நடந்ததைச் சொன்னாள், திட்டியவர் பேச்சை மட்டும் விட்டுவிட்டு. கேட்கக் கேட்க டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் அடுப்பு தோற்கவில்லை, அளவுதான் தோற்றிருக்கிறது. அப்புறம் உடனே சுருங்கியது.

“கழட்டினவங்க பேரை எடுத்துடணும். எனக்கும் வருத்தம்தான். ஆனா விதின்னா விதி.”

“பாவம்தான்” என்றபடி அண்ணி அந்தக் கரிக் கோட்டை எடுத்து டாக்டரம்மாவின் காகிதங்களின் மேல் போட்டாள்.

டாக்டரம்மா பேச்சை நிறுத்தாமல், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கழுத்துப்பட்டையைப் பிடித்தாள். உடம்பில் படாமல் தூரமாகத் தூக்கினாள். மூக்கைச் சுளித்தபடி மேஜைக்கு வெளியே கொண்டுபோனாள்.

மைனர் அந்த இரண்டு விரல்களையே பார்த்தான். அண்ணியும் பார்த்தாள். யாரும் எதுவும் பேசாததால் டாக்டரம்மாவும் தன் கையைப் பார்த்தாள்.

“முத தடவ கோட்டு கரியா வந்தப்ப ஒரு தையல்காரம்மா நேர்ல குடுக்க வந்தாங்க. நினைவிருக்கா?” என்றாள் அண்ணி. “அன்னைக்கு ஆபீஸ்ல விருந்தாளிங்க இருந்தாங்க.”

கோட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு அதைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. “பணம் குடுக்கிறவங்க வந்திருந்தாங்க” என்றாள் கடைசியில். “எல்லாம் சுத்தமா இருக்கணும்னு காலையிலேருந்து ஓடிக்கிட்டிருந்தேன். என்ன சொன்னேன்னுகூட...” நிறுத்திக்கொண்டாள். நினைவு வந்துவிட்டது என்று முகம் சொன்னது. “கரியாகணும்னுதானே அந்தக் கோட்டையே குடுத்தேன்.”

கோட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி மடியில் வைத்துக்கொண்டாள். புடவையில் கரி பட்டது. அதைத் தட்டிவிடவில்லை.

விதியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இத்தனை மாத அளவும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குக் காரணம் தான்தான் என்று பணம் கொடுத்தவர்களிடம் தன் வாயாலேயே சொல்லப்போவதாகச் சொன்னாள். அவர்கள் அனுமதிக்கலாம், கடையைக் கட்டு என்றும் சொல்லலாம். எது நடந்தாலும் பெண்களின் பெயர்களை மட்டும் அடிக்கப்போவதில்லை. தையல்காரி வீட்டுக்குத் தானே போவதாகவும் சொன்னாள். மீட்டர்க்காரியையும் போய் அழைக்கிறேன் என்று எழுந்தபோது மைனர் குறுக்கே வந்தான்.

“அங்க நான் முதல்ல போகணும் மேடம்.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளும் அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருத்திதான்.

மீட்டர்க்காரியின் வீட்டுக் கொடியில் துணி எதுவும் இல்லை. கோட்டுகள் காய்ந்த கொடி அது. கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் விறகடுப்பின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் அடுப்புக்குக் கோட்டு கொண்டுபோனவள் வீட்டில் புது அடுப்பு இல்லை. ஆய்வில் வேலை பார்ப்பவர்களுக்குக் கிடையாது என்பதும் ஒரு விதி.

நிழலைப் பார்த்துத் திரும்பினாள். ஆள் யார் என்று தெரிந்ததும் மறுபடி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வெளியவே நில்லுங்க. சட்டை அழுக்காயிரும்.”

மைனர் குனிந்து உள்ளே போனான். அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். புகை தொண்டையைப் பிடித்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதில் எது புகையால் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

பெண்களின் பெயர்கள் போகவில்லை என்று முதலில் சொன்னான். அவள் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தான். பிறகு உண்மை முழுவதையும் சொன்னான். அவளைத் திரும்ப அழைக்கிறார்கள் என்று சொன்னான். எல்லாம் தன் தப்பு, விசாரிக்காமல் பேசிவிட்டேன், சிரிப்பு வாங்கும் ஆசையில் பேசிவிட்டேன் என்று சொன்னான். மன்னிக்கச் சொல்லிக் கேட்டான்.

“நல்ல ஜோக்குதான்” என்றாள். “எனக்கே முதல்ல லேசா சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்து, இன்னைக்கு என்ன சீக்கிரமா வந்துட்டியேன்னு எங்கம்மா கேட்டப்பதான் சிரிப்பு வரல.”

அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

“என்கிட்டச் சொல்லிட்டீங்க. சரி. சிரிச்சவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றான்.

“நான் நாளைக்கு அங்க போனா, அவங்க காதுல அந்த ஜோக்குதான் இருக்கும்.”

ஊதுகுழலை எடுத்து ஊதத் தொடங்கினாள். அவன் எழுந்து வெளியே வந்தபோது சட்டையின் மார்பும் கைகளும் கறுத்திருந்தன.

அண்ணியின் வீட்டில் இறங்கியதும் சட்டையைக் கழற்றிக் கொடு, ஊறவைக்கிறேன் என்றாள் அவள். வேண்டாம் என்றான்.

மறுநாள் காலையில் ஆபீஸ் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து மைனர் உள்ளே போனான். அதே கரிச்சட்டை. அதே மேஜை. மீட்டர்க்காரியின் அடையாள அட்டை இன்னும் அங்கேயே கிடந்தது. அவனைக் கண்டதும் ஒன்றிரண்டு பேர் இப்போதே சிரிக்கத் தயாரானார்கள். என்ன மைனர், சலவைக்காரர் கைவிட்டுட்டாரா என்று யாரோ கேட்டார்கள். பதிலுக்கு அவன் ஒன்று சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் நாக்கு நுனியில் ஒன்று இருக்கவும் செய்தது.

அதை விழுங்கினான். அட்டையை எடுத்து, அதில் படிந்திருந்த தூசியைத் துடைத்தான்.

“போன வாரம் இந்த இடத்துல நின்னு இந்த அட்டைக்குச் சொந்தக்காரங்களைப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அது பொய். இந்த ஆபீஸ்ல அந்தக் கோட்டுக்காக நிஜமா உழைச்சது அவங்க ஒருத்தங்கதான்.”

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மீட்டர்க்காரி சாத்திய வெளிக்கதவு, அன்றுபோலவே சத்தமில்லாமல் திறந்தது. மைனர் திரும்பிப் பார்க்காமலே அட்டையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.